விழிப்புணர்வு வாரத்தில் செத்த மாடு

எங்கள் மாடு ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குச் செத்தது. தப்பு மாட்டின் மேல்தான் என்று கால்நடைக் காப்பீட்டு அலுவலகத்தில் சொன்னார்கள். முந்தின வாரம் செத்திருந்தால் வந்து பார்க்க ஆள் இருந்தார்களாம். அடுத்த வாரம் செத்திருந்தாலும் இருந்திருப்பார்களாம். அன்றைக்குத்தான் கால்நடைக் காப்பீட்டு விழிப்புணர்வு வாரம் ஆரம்பம். காப்பீடு என்று ஒன்று இருப்பதை ஊருக்குச் சொல்ல எல்லோரும் கிளம்பிவிட்டதால், காப்பீட்டைக் கவனிக்க ஒருவரும் இல்லை.

நான் தையல்காரன். மாடு என் வீட்டுக்காரியுடையது. அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் கோபக்காரி. என் வீட்டுக்காரியைத் தவிர யார் மடியில் கை வைத்தாலும் உதைக்கும். என்னை நாலு முறை உதைத்திருக்கிறது. அதில் இரண்டு முறை நான் ஒன்றுமே செய்யவில்லை, சும்மா நின்றுகொண்டிருந்தேன். ஆனால் பால் என்றால் பால், அப்படி ஒரு பால். தையலில் வருவது நூலுக்கும் ஊசிக்கும் சரியாய்ப் போகும். எங்கள் அடுப்பு எரிந்தது கோபக்காரியால்தான்.

தெருவில் மாட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்தவள் என் வீட்டுக்காரி ஒருத்திதான். கோபக்காரியின் காதில் மஞ்சள் நிற வில்லையை மாட்டி நம்பர் போட்டபோது தெருவே சிரித்தது. ‘மாட்டுக்கு எதுக்குடி இன்சூரன்ஸ், அது என்ன பைக்கா ஓட்டப் போகுது?’ என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். ‘நீங்க சிரிங்க, நான் நிம்மதியா தூங்கறேன்’ என்று இவள் திருப்பிச் சொன்னாள்.

மாடு சாவதற்கு முந்தின வருஷம் கணக்கெடுப்புக்காரர் ஒருவர் வந்தார். கையில் நாற்பத்திரண்டு கேள்விகள் அடங்கிய படிவம்.

“மாட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கறது உங்களுக்குத் தெரியுமாம்மா?”

“தெரியுமே. எடுத்தே இருக்கேன்” என்று பெட்டியிலிருந்து பத்திரத்தைக் கொண்டுவந்து நீட்டினாள்.

அந்த மனிதரின் முகம் வாடிப்போயிற்று. “என்னம்மா இப்படிப் பண்றீங்க? தெரிஞ்சவங்க ரெண்டு பேர் போதும். அது நேத்தே கிடைச்சிருச்சு. எல்லாருக்கும் தெரியும்னா அப்புறம் யாருக்குத் தெரியப்படுத்தறது?”

“ஏதோ போட்டுக்கங்க. எனக்குக் கறவை நேரமாச்சு.”

அவர் ‘தெரியாது’ என்ற கட்டத்தில் டிக் அடித்தார். முகம் தெளிந்தது. ஒரு தம்ளர் டீ குடித்துவிட்டுப் போனார். மாடு வளர்ப்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்குக் காப்பீடு பற்றித் தெரியவே தெரியாது என்று பிறகு பேப்பரில் பெரிதாக வந்தது. அதனால் விழிப்புணர்வு வாரம் வந்தது. அதனால் ஊர்வல மாடுகளுக்கு முதுகுப் போர்வை நாற்பது தைக்கும் வேலை எனக்கு வந்தது. நீலத் துணி, மஞ்சள் எழுத்து. ‘எனக்கு இன்சூரன்ஸ் இருக்கு! உங்க மாட்டுக்கு?’ என்று எழுதித் தந்திருந்தார்கள். மாதிரிப் போர்வைக்குக் கோபக்காரியிடம்தான் அளவெடுத்தேன். நாலாவது உதை அப்போது வாங்கியதுதான்.

அந்தத் திங்கட்கிழமை விடிந்தபோது கோபக்காரி வயிறு உப்பி, கால் மடங்கிப் படுத்துவிட்டது. ஆறு மணியிலிருந்து மாட்டு டாக்டருக்குப் போன் அடித்தோம். மணி போய்க்கொண்டே இருந்தது. எட்டு மணிக்கு அது கழுத்தைத் தரையில் நீட்டியது. என் வீட்டுக்காரி அதன் கொம்பைப் பிடித்துக்கொண்டு, “எந்திரிடி, ஒரு உதையாவது உதைடி” என்று கத்தினாள். மூன்று மாதக் கன்று கட்டுத்தறியில் நின்று அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

ஒன்பதரைக்கு அலுவலக வாசலில் நின்றோம். இழப்பீட்டுப் பிரிவில் இருந்த அம்மா நல்ல மாதிரிதான். உட்காரச் சொன்னார். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார்.

“பத்திரம் சரி. வில்லை நம்பர் சரி. தவணையும் கட்டியிருக்கீங்க. நீங்கதான் சரியில்ல.”

“நானா?” என்றாள் என் வீட்டுக்காரி.

“உங்களுக்கு இன்சூரன்ஸ் பத்தித் தெரியாதுன்னு இருக்கு. கணக்கெடுப்புல பதிவாயிருக்கே. தெரியாத ஒருத்தர் எப்படிம்மா பாலிசி எடுத்திருக்க முடியும்? கம்ப்யூட்டர் ஏத்துக்க மாட்டேங்குது.”

“அதான் தெரியும்னு சொல்றேனே!”

“நீங்க சொன்னா போதுமா? உங்களுக்குத் தெரியும்னு எங்களுக்குத் தெரிய வேண்டாமா? விழிப்புணர்வுச் சான்றிதழ் வாங்கிட்டு வாங்க. மாடியில இருக்கார் விழிப்புணர்வு அதிகாரி.”

மாடியறையில் பாதி இடத்தை நான் தைத்த போர்வைகளும், மீதி இடத்தைப் பரிசாகக் கொடுக்கப்போகும் பிளாஸ்டிக் வாளிகளும் அடைத்திருந்தன. நடுவில் கொஞ்சம் இடுக்கு பார்த்து அதிகாரி உட்கார்ந்திருந்தார். சிரித்த முகம்.

“தெரியாதுங்கறது ஒரு குறையே இல்லம்மா. அதை வெச்சுத்தான் நாங்க எல்லாரும் பிழைக்கறோம். புதன்கிழமை முகாமுக்கு வாங்க. ரெண்டு மணி நேரம் உட்காருங்க, விழிப்புணர்வு தானா வந்திரும். அங்கேயே சான்றிதழ்.”

ஒரு நோட்டீஸை நீட்டினார். ‘பயனாளிகள் காப்பீடு செய்த தங்கள் கால்நடையுடன் நேரில் வர வேண்டும். கால்நடையுடன் வராதவர்களுக்குச் சான்றிதழ் வழங்கப்படாது’ என்று அதில் இருந்தது.

“சார், மாடுதானே செத்துப்போச்சு” என்றேன் நான். எனக்கு அதிகாரிகளிடம் பேசினால் குரல் பாதிதான் வரும்.

“அது இழப்பீட்டுப் பிரிவு, கீழ. இங்க விழிப்புணர்வு மட்டும்தான்.”

“டாக்டராவது வந்து பார்த்து எழுதிட்டுப் போகட்டும் சார்.”

“டாக்டர் ஒத்திகையில இருக்காரே!”

பின்பக்கக் கூடத்தில் நாடக ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. தரையில் அட்டையால் செய்த மாடு ஒன்று செத்துக் கிடந்தது. அலுவலகப் பெண் ஒருத்தி அதன் தலைமாட்டில் அழுதாள். மாட்டு டாக்டர் கதவுக்குப் பின்னாலிருந்து ஓடிவந்து, “கவலைப்படாதீங்க! சொன்ன ஒரு மணி நேரத்துல வந்துட்டேன்!” என்று கையை உயர்த்தினார். அழுகை நிற்பதற்குள் ஓடிவந்துவிட்டார் என்று மறுபடி ஓடிவரச் சொன்னார்கள். மறுபடியும் ஓடிவந்தார். நன்றாகத்தான் ஓடினார், குறை சொல்ல மாட்டேன்.

“டாக்டர், எங்க வீட்டுக்கும் அப்படியே ஓடி வாங்களேன்” என்றாள் என் வீட்டுக்காரி. “காலையில ஆறு மணியிலேருந்து போன் அடிச்சோம்.”

டாக்டருக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. “வசனம் மனப்பாடம் பண்றப்ப போன் தொந்தரவா இருக்குன்னு சத்தத்தை நிறுத்தி வெச்சிருந்தேம்மா” என்றார்.

“அவர் உங்க வீட்டுக்கு வந்துட்டா, இந்த மாட்டை யாரும்மா பார்க்கறது?” என்று அதிகாரி அட்டை மாட்டைக் காட்டினார்.

புதன்கிழமை நாடகம் முடிந்ததும் வருவதாக டாக்டர் சொன்னார். ஆனால் ஒன்று, அவர் பார்க்கும்வரை மாட்டைப் புதைக்கக் கூடாது. புதைத்துவிட்டால் காலணா கிடைக்காது.

வெளியே வந்து என் வீட்டுக்காரி படியில் உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. இழப்பீடு வந்தால் இன்னொரு மாடு வாங்கலாம். வராவிட்டால் எங்களுக்கு மாடு என்பது அத்தோடு சரி. அந்தக் கன்று வளர்ந்து பால் தருவதற்குள் எங்கள் வீட்டில் யார் மிஞ்சியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

கோபக்காரியைக் கொட்டகையிலேயே போட்டு, உப்பைக் கொட்டி, ஈரச் சாக்கால் மூடி வைத்தோம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் தெருவுக்குள் நுழைந்தவர்கள் எல்லாம் மூக்கைப் பிடித்தார்கள். அன்று சாயங்காலம் சுகாதார ஆய்வாளர் வந்து, மாட்டை உடனே புதைக்காவிட்டால் வழக்கு என்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். புதைக்காதே என்று ஓர் அரசாங்க வாய், புதை என்று இன்னோர் அரசாங்கத் தாள். என் வீட்டுக்காரி அந்தத் தாளையும் முகாம் நோட்டீஸையும் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

“என்னங்க, இதுல மாடு உயிரோட வரணும்னு எங்கயாவது போட்டிருக்கா?”

நான் வாங்கிப் படித்தேன். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன். அப்படி ஒரு வார்த்தை இல்லை.

“வேணாம்மா” என்றேன். “ஆபீஸ் விவகாரம். பகைச்சுக்கக் கூடாது.”

“நான் எங்க பகைச்சேன்? மாட்டோட வான்னாங்க. மாட்டோட போறேன். எந்தம்பியை வண்டி எடுத்துட்டு வரச் சொல்லுங்க.”

அவள் தம்பி சரக்கு வண்டி ஓட்டுகிறவன். புதன்கிழமை காலை பின்கதவைத் திறந்து, வைக்கோல் பரப்பி, ஆறு பேர் சேர்ந்து கோபக்காரியை ஏற்றினோம். நான் வீட்டிலிருந்த மாதிரிப் போர்வையை எடுத்து வந்தேன். சும்மா திறந்து போட்டுக்கொண்டு போக மனசு கேட்கவில்லை. அதன் அளவுக்கே தைத்த போர்வை, ஆனால் ஊதியிருந்த வயிற்றுக்குப் பற்றவில்லை. ஒரு பக்கத் தையலைப் பிரித்து, ஒட்டுத் துணி வைத்து அகலமாக்கினேன். ஒட்டுப்போடும்போது அது என்னை உதைக்கவில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

முகாம் மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். வாளி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு இருநூறு பேர் மாடுகளுடன் வந்திருந்தார்கள். எங்கள் தெருக்காரர்களும் இருந்தார்கள். வாசலில் பதிவு செய்கிற பெண் தலை நிமிராமல் கேட்டாள்.

“மாடு வந்திருக்கா?”

“வந்திருக்கு.”

“வில்லை நம்பர்?”

என் வீட்டுக்காரி மனப்பாடமாகச் சொன்னாள். அந்தப் பெண் டிக் அடித்து, “மாட்டை ஓரமா நிறுத்திட்டுப் போய் உட்காருங்க” என்றாள். மச்சினன் வண்டியைப் பந்தலின் ஓரத்தில், மேடைக்கு நேர் பக்கவாட்டில் நிறுத்தினான். நல்ல வேளையாகவோ கெட்ட வேளையாகவோ அப்போது காற்று எதிர்ப்பக்கம் அடித்தது.

மேடையில் தலைமை அதிகாரி பேசிக்கொண்டிருந்தார். கணீரென்ற குரல்.

“நண்பர்களே! சிலர் கேட்கிறார்கள், இதுவரை எத்தனை பேருக்கு இழப்பீடு கொடுத்தீர்கள் என்று. எவ்வளவு குறுகிய பார்வை! இழப்பீட்டை ஒருவருக்குக் கொடுத்தால் அது அவரோடு தீர்ந்துவிடும். விழிப்புணர்வு அப்படியல்ல. கொடுக்கக் கொடுக்கக் குறையாது. அதனால்தான் அதை மட்டும் கொடுக்கிறோம். சென்ற ஆண்டு நாங்கள் நடத்திய முகாம்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. தீர்த்துவைத்த மனுக்கள் மூன்று. அந்த மூன்றும்கூட, முகாம் இல்லாத நாட்களில் வேறு வேலை இல்லாததால் நேர்ந்துவிட்டவை. அடுத்த ஆண்டு அந்தக் குறையும் களையப்படும் என்று உறுதியளிக்கிறேன்!”

மேடையிலிருந்தவர்கள் கை தட்டினார்கள். கீழே இருந்தவர்கள் வாளியைப் பார்த்துக்கொண்டே கை தட்டினார்கள்.

பிறகு நாடகம். அட்டை மாட்டைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். அலுவலகப் பெண் அழுதாள். இந்த முறை அழுகை நின்ற பிறகு சரியாக மாட்டு டாக்டர் ஓடிவந்தார். “கவலைப்படாதீங்க! சொன்ன ஒரு மணி நேரத்துல வந்துட்டேன்!”

கூட்டத்தின் நடுவில் என் வீட்டுக்காரி எழுந்து நின்றாள்.

“டாக்டர்! அம்பத்தோரு மணி நேரமாச்சு. இங்க வாங்க, இதுவும் செத்த மாடுதான்.”

மச்சினன் வண்டியின் பின்கதவை இறக்கினான். காற்றும் சொல்லிவைத்தாற்போல் அப்போதுதான் திரும்பியது. முன்வரிசை முதலில் எழுந்தது. கட்டியிருந்த மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு மிரண்டன. மேடையில் எல்லோர் கையிலும் ஒரே நேரத்தில் கைக்குட்டை வந்தது. வண்டிக்குள் கோபக்காரி நான்கு காலையும் விறைப்பாக நீட்டிக்கொண்டு படுத்திருந்தது. அதன் மேல் நீலப் போர்வையில் ‘எனக்கு இன்சூரன்ஸ் இருக்கு! உங்க மாட்டுக்கு?’ என்ற எழுத்துகள் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன.

“யார் இந்த வண்டியை உள்ள விட்டது?” என்று தலைமை அதிகாரி மைக்கிலேயே கத்தினார்.

“மாட்டோட வந்தாங்க சார்” என்றாள் பதிவுப் பெண். “டிக் பண்ணிட்டேன்.”

விழிப்புணர்வு அதிகாரி மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்தார். சிரித்த முகம் காணாமல் போயிருந்தது. “ஏம்மா, முகாமுக்கு வர்ற மாடு உயிரோட இருக்கணும்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாதே சார். எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு உங்க கம்ப்யூட்டர்லயே இருக்கே.”

கூட்டத்தில் முதலில் ஒரு சிரிப்புதான் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரியின் சிரிப்பு அது. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

“முதல்ல வண்டியை எடுங்க!”

“முதல்ல கையெழுத்தைப் போடுங்க.”

மச்சினன் வண்டிச் சாவியை அக்காவிடம் கொடுத்தான். அவள் அதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். போலீஸைக் கூப்பிடுவேன் என்றார் தலைமை அதிகாரி. “கூப்பிடுங்க சார், அவங்க வர ரெண்டு மணி நேரமாகும், நாங்க காத்திருக்கோம். எங்களுக்குப் பழகிப்போச்சு” என்றாள். காற்று இன்னும் கொஞ்சம் பலமாக அடித்தது. அத்தனை நாளும் எந்த மனுவும் சாதிக்காததை அந்தக் காற்று சாதித்தது.

மாட்டு டாக்டர் நாடகத்துக்குப் போட்ட வெள்ளைக் கோட்டுடன் வண்டியில் ஏறினார். கழுத்தில் தொங்கியது பொம்மை ஸ்டெதாஸ்கோப். வில்லை நம்பரை அவர் வாசிக்க வாசிக்க, என் வீட்டுக்காரி கீழே நின்று ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிச் சொன்னாள். இறங்கும்போது, “மன்னிச்சிக்கம்மா” என்று மெதுவாகச் சொன்னார். அவள் சாவியை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள். எனக்கு அது பிடித்திருந்தது. இழப்பீட்டுப் பிரிவு அம்மாவை மேசையோடு கொண்டுவந்தார்கள். விழிப்புணர்வுச் சான்றிதழ், மரணச் சான்று, இழப்பீட்டு மனு என்று எல்லாவற்றிலும் கையெழுத்து விழுந்தது. தலைமை அதிகாரி ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போட்டார். மொத்தம் இருபது நிமிஷம். மாடு கூடவே வந்தால் வேலை எவ்வளவு சீக்கிரம் முடிகிறது பாருங்கள்!

அன்று மத்தியானமே கோபக்காரியைக் கொட்டகைக்குப் பின்னால் புதைத்தோம். போர்வையை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

ஏழாவது மாதம் பணம் வந்தது. ஒரு சிவப்பு மாடு வாங்கினோம். அதற்கும் இன்சூரன்ஸ் எடுத்தாள். அந்த வருஷ அறிக்கையில் ‘விழிப்புணர்வு நூறு சதவீதம் எட்டப்பட்டது’ என்று எழுதியிருந்தார்கள். அது பொய்யில்லை. தெருப் பெண்கள் எல்லாம் எங்கள் கொட்டகைக்கு வந்து இவளிடம் கேட்டார்கள். “எடுங்கடி, எடுக்க வேண்டியதுதான்” என்றாள் இவள். “ஆனா சும்மா எடுக்காதீங்க. மாடு செத்தா டாக்டர் எத்தனை மணி நேரத்துல வருவார்னு எழுதி வாங்கிட்டு எடுங்க.” அவர்களும் கிளம்பிப் போய்க் கேட்டார்கள். அப்படி எழுதித் தர விதி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அளவுக்கு மிஞ்சிய விழிப்புணர்வு திட்டத்துக்கே ஆபத்து என்று விழிப்புணர்வு அதிகாரி வருத்தப்பட்டாராம்.

மறு வருஷமும் விழிப்புணர்வு வாரம் வந்தது. இந்த ஊரில் அந்தத் துணியை அந்த விலைக்குத் தைக்க வேறு ஆள் இல்லாததால், நாற்பது போர்வையும் மறுபடி என்னிடமே வந்தன. வாசகம் ‘விழித்திரு! காப்பீடு எடு!’ என்று மாறியிருந்தது. தைத்து, இடப்பக்கம் மேலே தெரியும்படி அழகாக மடித்து அடுக்கினேன். விழிப்புணர்வு அதிகாரி வந்து ஒவ்வொன்றாய் எண்ணினார், எழுத்தைப் படித்தார், திருப்தியோடு வாங்கிக்கொண்டு போனார். மடிப்பைப் பிரிக்கவில்லை. அவர்கள் எதையும் பிரித்துப் பார்ப்பதில்லை என்பது எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

ஊர்வலத்துக்கு எங்கள் தெருக்காரர்களின் மாடுகளைத்தான் கூப்பிட்டு, போர்வையையும் வீட்டுக்கு வீடு கொடுத்திருந்தார்கள். காலையில் கொட்டகையில் சிவப்பு மாட்டின் மேல் போர்வையை விரித்துப் போட்ட என் வீட்டுக்காரி, வலப்பக்கம் போய் நின்று படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

“நீங்களாங்க?”

“ஆமா” என்றேன். குரல் முழுசாக வந்தது.

மேடை தெருவின் வலப்பக்கம் போட்டிருந்தது. வரிசையில் முன்னால் சிவப்பு மாட்டைப் பிடித்துக்கொண்டு அவள் போனாள். அதன் பின்னால் கோபக்காரியின் கன்று. இப்போது அது நன்றாக வளர்ந்து, தனக்கென்று ஒரு போர்வை போட்டிருந்தது. மேடைக்கு நேராக வந்ததும் அவள் நின்றாள். பின்னால் வந்த மாடுகள் எல்லாம் ஒவ்வொன்றாக நின்றன. கை தட்டத் தயாராக எழுந்த தலைமை அதிகாரி, மேடையிலிருந்து பார்த்தபோது நாற்பது நீல முதுகுகளிலும் மஞ்சள் எழுத்தில் ஒரே வாசகம் இருந்தது. ‘மாடு செத்தா எத்தனை மணி நேரத்துல வருவீங்க? எழுதிக் குடுங்க!’

பாண்டு வாத்தியம் பாதியில் நின்றது. மாட்டைப் பிடித்து வந்த பெண்கள் யாரும் நகரவில்லை. விழிப்புணர்வு அதிகாரி மேடையிலிருந்து குதித்து, என் சட்டையைப் பிடிக்காத குறையாக வந்தார்.

“யாருய்யா இதைத் தைக்கச் சொன்னது?”

“தையல்ல ஏதாவது குறை இருக்கா சார்?”

“முதல்ல இந்த மாட்டையெல்லாம் ஓட்டுங்க!”

“எழுதிக் குடுத்தா தானாப் போயிரும் சார்.”

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, தானே விரட்டுவதற்காக வரிசைக்குள் புகுந்து கன்றின் வாலைப் பிடிக்கப் போனார். பொறுப்புள்ள குடிமகன் என்ற முறையில் நான் எச்சரித்தேன்.

“சார், அதுக்குப் பின்னாடி மட்டும் போகாதீங்க. அது கோபக்காரியோட பொண்ணு.”